வன்னிப் புழுதியும் சிந்தட்டிக் ஒயிலும்: கம்பனி சேர்விஸுக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

கிளிநொச்சியில் இருந்து காரைக் கம்பனி சேர்விஸுக்குக் கொண்டுபோவதென்றால் அரை நாள் வேலை. ஆனையிறவைத் தாண்டி யாழ்ப்பாணம் போனாலும் சரி, ஏ9இல் மாங்குளம், ஓமந்தை என்று இறங்கி வவுனியா போனாலும் சரி, ஒருவழிக்கே கிட்டத்தட்ட 70 கிலோமீற்றர் வந்துவிடும். அவ்வளவு தூரம் போய், "சிந்தட்டிக் ஒயில் விடுங்கோ" என்று ஒரு வசனம் சொல்லிவிட்டு, ஏசி அறையில் குந்தியிருந்து போன் நோண்டிவிட்டு, நீட்டுகிற பில்லுக்குக் காசைக் கட்டிவிட்டு வருகிறோம். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன். என்ஜினுக்கு என்ன ஒயில் விட்டார்கள் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

ஆகவே முதல் வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. டாஷ்போர்ட் லாச்சிக்குள் இருக்கும் கையேட்டை எடுங்கள். ஜப்பானில் ஓடி வந்த கார் என்றால் அது முழுக்க ஜப்பான் எழுத்தில்தான் இருக்கும், பரவாயில்லை, எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி ஒன்று எங்காவது அச்சாகியிருக்கும், அதுதான் ஒயிலின் கிரேட். சில கார்களில் போனட்டைத் திறந்தால் ஒயில் விடும் மூடியிலேயே அது இருக்கும். அதோடு எத்தனை லீற்றர் பிடிக்கும் என்பதையும் பார்த்து, இரண்டையும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். லீற்றர் கணக்கு ஏன் என்று பிறகு சொல்கிறேன், அதில் நான் பட்டிருக்கிறேன்.

அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் கடும் குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதைச் சொல்கிறது. 0டபிள்யூ ஒயிலை மைனஸ் 35 பாகையில் வைத்துச் சோதிப்பார்கள். நாங்கள் மார்கழிக் காலையில் போர்வைக்குள் சுருண்டாலும் அது மைனஸ் 35 இல்லைதானே. பின்னால் உள்ள எண் 100 பாகைச் சூட்டில் ஒயிலின் தடிப்பு. "எங்கட வெயிலுக்கு 20 பத்தாது, தடிச்ச ஒயில் விடுங்கோ" என்று சிலர் சொல்வார்கள். வெளியே 35 பாகை அடித்தாலும் ரேடியேட்டரும் தேர்மோஸ்டாட்டும் என்ஜினைத் தன் சூட்டில்தான் வைத்திருக்கும், அதனால் கையேடு சொல்வதைவிட்டு நீங்களாகத் தடிப்பைக் கூட்டப் போகாதீர்கள். ஹைபிரிட் கார்களில் என்ஜின் வழி நெடுக நின்று நின்று ஸ்டார்ட் ஆகும், அதற்கு மெல்லிய ஒயில் உடனே மேலே ஏறவேண்டும்.

சரி, சிந்தட்டிக் என்றால் என்ன? சாதாரண மினரல் ஒயில் நிலத்தடியில் கிடைக்கும் மசகு எண்ணெயைச் (குரூட் ஒயிலை) சுத்திகரித்து எடுப்பது, அதில் பெரியதும் சிறியதுமாகப் பலவித மூலக்கூறுகள் கலந்து கிடக்கும். சிந்தட்டிக்கில் அவை ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும்படி தொழிற்சாலையில் ஆக்கியிருப்பார்கள். அதனால் சூட்டில் குறைவாக ஆவியாகும், சீக்கிரம் கசடுபிடித்துக் கெட்டியாகாது. 0டபிள்யூ-20 மாதிரி மெல்லிய ஒயில்கள் பெரும்பாலும் சிந்தட்டிக்காகவே வருவதும் இதனால்தான். கானில் ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) என்ற வட்ட முத்திரையைத் தேடுங்கள், ஒயிலின் தரம் அதில்தான் இருக்கும், பெற்றோல் கார் என்றால் எஸ்பி என்று இருந்தால் நல்லது, அது 2020இல் வந்த தரம். அதற்கு முந்தியது எஸ்என்.

இப்போது கவுண்டருக்கு வருவோம். கேட்கவேண்டிய கேள்வி "சிந்தட்டிக்கா?" என்பதில்லை. "அண்ணை, என்ன கிரேட் விடப்போறியள்? கானா, பீப்பாவா?" என்று கேளுங்கள். பீப்பாவில் இருந்து விடுவது குற்றமில்லை, பெரிய சேர்விஸ் இடங்களில் அதுதான் வழக்கம், ஆனால் பீப்பாவில் ஒட்டியிருக்கும் கிரேட்டை உங்கள் துண்டோடு ஒப்பிடுங்கள். கான் என்றால் சீலை உங்கள் முன்னால் உடைக்கச் சொல்லுங்கள். வெட்கப்படவேண்டாம், காசு உங்களுடையது. ஒயில் பில்டரும் வடிக்கிற நட்டின் வாசரும் புதிதா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த லீற்றர் கதை. என்னுடையது டொயோட்டா அக்வா, பில்டரோடு மாற்றினால் 3.7 லீற்றர். கான் வருவது 4 லீற்றரில். ஒருமுறை ஒரு இடத்தில் பொடியன் முழுக் கானையும் கவிழ்த்துவிட்டான், நான் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒயில் மட்டம் பார்க்கும் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் மேலே நிற்கிறது. அளவுக்கு மிஞ்சினால் என்ஜினுக்குள் சுழலும் கிராங் தண்டு அதைக் கடைந்து நுரையாக்கும், நுரைத்த ஒயில் தேய்மானத்தைத் தடுக்காது. மறுநாள் திரும்பவும் 70 கிலோமீற்றர் ஓடவா என்று பக்கத்துக் கராஜிலேயே கொஞ்சம் வடித்தேன். அதனால் சேர்விஸ் வளவை விட்டு வெளிக்கிடமுன், மட்டமான நிலத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் பொறுத்து, ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டி நின்றால் சரி. அடியில் சொட்டுகிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

பில்லில் "ஒயில்" என்று மட்டும் எழுதியிருந்தால் கிரேட்டையும் எழுதி வாங்குங்கள், உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கார் என்றால் இது கட்டாயம்.

அடுத்த முறை எப்போது? கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரை வேதவாக்காக எடுக்காதீர்கள். ஜப்பானில் டொயோட்டா சாதாரண பெற்றோல் கார்களுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்கிறது, ஆனால் புழுதி வீதி, பள்ளம் திட்டி, குறுந்தூர ஓட்டம் என்றால் அதில் பாதி, 7,500 அல்லது ஆறு மாதம். சோளகம் அடிக்கிற மாதங்களில் ஒட்டுசுட்டான், மல்லாவிப் பக்கத்துக் கிரவல் ஒழுங்கைகளில் ஓடுகிற நாங்கள் எந்தப் பட்டியலில் வருவோம் என்று சொல்லத் தேவையில்லை. புழுதிக்குச் சிந்தட்டிக், மினரல் என்ற பேதம் தெரியாது, உள்ளே போனால் ஒயிலோடு கலந்து அரத்தாள் மாதிரித் தேய்க்கும். விலை கூடின ஒயிலை விட்டுவிட்டு, அந்தப் புழுதியைத் தடுக்கிற எயார் பில்டரை மாற்றாமல் தட்டித் தட்டிப் போடுவது எனக்குப் புரியாத சிக்கனம்.

கானில் மிச்சமாகும் ஒயிலை (என் அக்வாவுக்கு 300 மில்லிலீற்றர்) கேட்டு வாங்கி டிக்கியில் வையுங்கள், குறைந்தால் விடலாம். வீட்டில் நிற்கும் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் விடாதீர்கள். கியர் பைக்குகளில் கிளட்சும் அதே ஒயிலுக்குள்தான் கிடக்கும், கார் ஒயில் போனால் வழுக்கத் தொடங்கலாம். அதற்கு ஜாசோ எம்ஏ (ஜப்பான்காரரின் மோட்டார் சைக்கிள் ஒயில் தரம்) என்று போட்ட ஒயில் தனியாக வாங்கவேண்டும்.