ஒர்வியேத்தோ போறீங்களா? ராத்திரி மேலேயே தங்குங்க

கொடைக்கானலில் குடியிருக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: பகல் கூட்டம் மலையிறங்கின பிறகுதான் ஊரை நிம்மதியாகப் பார்க்க முடியும். இத்தாலியில் உயரமான பாறை மேல் இருக்கிற ஒர்வியேத்தோ ஊருக்குப் பலர் ரோமிலிருந்து காலையில் போய்ச் சாயங்காலமே திரும்பிவிடுகிறார்கள். நீங்க அப்படிச் செய்யாதீங்க. அத்தையைக் கூட்டிப் போய் வந்ததிலிருந்து பண்ணைக்காட்டுச் சொந்தங்கள் விசாரித்தபடி இருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

விசாவுக்குக் கைரேகை வைக்க நேரில் போகணும்; 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடும் கட்டாயம். சீக்கிரமே ஆரம்பிச்சுடுங்க.

ரோம் தெர்மினி ஸ்டேஷனிலிருந்து சாதாரண ரயிலில் சுமார் ஒன்றேகால் மணி நேரம். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் ஸ்டேஷனில் இருக்கிற சின்ன மெஷினில் செருகி முத்திரை குத்துங்க, இல்லாட்டி அபராதம். ஒர்வியேத்தோ ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விஞ்ச். 1888இல் தண்ணீரின் எடையால் ஓட ஆரம்பித்தது, இப்போது மின்சாரம். மேலே இறங்கினால் பேராலயத்துக்குச் சின்ன பஸ் உண்டு.

பேராலயத்துக்குச் சாயங்காலம் போங்க. 1290இல் கட்டத் தொடங்கிய கோயில். முகப்பு மேற்கே பார்த்தது. வெயில் சாயும்போது தங்க மொசைக் முழுக்க எரிகிற மாதிரி இருக்கும். அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடாதீங்க, கீழே இடது தூண் கிட்டே போங்க. ஆதாம் தூங்குகிறான், கடவுள் குனிந்து அவன் விலாவில் கை வைக்கிறார், அத்தனையும் பளிங்கில். அத்தை அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. உள்ளே போகத் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், புடவைக்குப் பிரச்சினையே இல்லை.

ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் ஏழரைக்கு மேல்தான். சைவம் என்றால் 'சென்சா கார்னே, சென்சா பேஷே' (கறி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சொல்லி உம்பிரிச்செல்லி கேளுங்க, கையால் உருட்டிய தடித்த பாஸ்தா. அந்தப் பக்கத்து ரொட்டியில் உப்பே போடமாட்டார்கள். ஊறுகாய் பாட்டில் ஒன்று பையில் இருக்கட்டும்.

மறுநாள் காலை, திறந்ததும் சான் பாத்ரீசியோ கிணறு. 1527இல் ரோம் சூறையாடப்பட்ட பிறகு போப் ஏழாம் கிளெமெந்த் இங்கே வந்து ஒளிந்தார். நாலு பக்கமும் செங்குத்துப் பாறை, பகைவன் ஏற முடியாது. ஆனால் முற்றுகை நீடித்தால் தண்ணீர்? அதற்காக வெட்டியது, 53 மீட்டர் ஆழம். நம்ம மலைக் கிராமமான வெள்ளகவிக்குக் குதிரையில் பொதி ஏற்றிப் போவதைப் பார்த்திருப்பீங்க. ஒற்றையடிப் பாதையில் எதிரே இன்னொரு பொதி வந்தால் என்ன பாடு! அந்தச் சிக்கலே இங்கே கிடையாது. இரண்டு சுருள் வழி. ஒன்றில் தண்ணீர் எடுக்கக் கோவேறு கழுதை இறங்கும், அடியில் சின்னப் பாலத்தைத் தாண்டி மற்றதில் ஏறும், இறங்குகிறதும் ஏறுகிறதும் வழியில் சந்திக்கவே சந்திக்காது. நடுவிலுள்ள ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கம் ஏறுகிறவர்களைப் பார்க்கலாம்.

248 படி இறங்கி, அதே அளவு ஏறணும். முழங்கால் வலி உள்ளவங்களை வற்புறுத்தாதீங்க. பக்கத்திலேயே பழைய கோட்டைத் தோட்டம் இருக்கு, பாலியா பள்ளத்தாக்கைப் பார்த்தபடி உட்காரலாம். இறங்குகிறவங்க ஸ்வெட்டர் போட்டுக்குங்க, அடியில் ஈரக் குளிர்.