பழைய காரின் முகப்பு விளக்கை மேம்படுத்துவது எப்படி? பல்பு வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் செல்லும் சாலையில், கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் இரவு நேரத்தில் கார் ஓட்டியவர்களுக்கு, பின்விளக்கோ ஒளிரும் ஸ்டிக்கரோ இல்லாத கரும்பு டிராக்டர் ஒன்று திடீரெனக் கண்முன் வந்து நிற்கும் அனுபவத்தை விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு டிரெய்லரின் வாலுக்கு மூன்றடி தூரத்தில் என் பழைய சிறிய காரை நிறுத்திய நான், மறுநாள் காலையில் எல்இடி பல்பு வாங்கும் எண்ணத்தோடுதான் கடைத்தெருவுக்குப் போனேன். அங்கிருந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் பானட்டைத் திறந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "பல்பை மாத்தி என்ன சார் பண்ணப்போறீங்க, இருக்கிற பல்புக்கே கரண்டு முழுசாப் போகலையே" என்றார். அன்று தொடங்கி நான் செய்து பார்த்த வேலைகளைத்தான், வண்டி வேலையில் முன்பழக்கம் இல்லாதவர்களும் பின்பற்றக்கூடிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

இந்த விளக்கம், எச்4 வகை ஹாலோஜன் பல்பு பொருத்திய கார்களுக்கானது. நம் ஊரில் ஓடும் பழைய சிறிய கார்களில் பெரும்பாலானவை இவ்வகைதான். பல்பின் பின்புறம் மூன்று தகட்டு முனைகள் இருக்கும்; ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட் என இரண்டு இழைகள் இருக்கும். கம்பெனியிலேயே எல்இடி விளக்கோடு வந்த வண்டி என்றால், ஒயரிங், பல்பு பற்றிய 3, 4, 5-ஆம் படிகள் உங்களுக்குப் பொருந்தாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியாக இருந்தால் ஒயரிங்கில் கை வைக்காதீர்கள்.

படி 1: கண்ணாடியின் உட்புறத்தைத் துடையுங்கள்

முன்கண்ணாடியை எல்லோரும் வெளிப்புறம் மட்டும் துடைக்கிறோம். டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெயிலில் சூடாகி வெளியிடும் ஆவி, உட்புறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிந்திருக்கும். எதிர் வண்டியின் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுவதும் வெண்மையாகப் பரவித் தெரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கண்ணாடித் திரவம் தெளித்து, செய்தித்தாளாலோ மைக்ரோஃபைபர் துணியாலோ இரண்டு முறை துடைத்தால் போதும். பத்து நிமிட வேலை இது.

படி 2: மஞ்சளான விளக்கு மூடியை மெருகேற்றுங்கள்

விளக்கின் முன்மூடி பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் மேல் பூசப்பட்ட பாதுகாப்புப் பூச்சு வெயிலின் புற ஊதாக் கதிரால் சிதைந்து போகும்போது மூடி மஞ்சளாகி, பல்பிலிருந்து வரும் ஒளி சாலைக்குச் செல்லாமல் நாலாபுறமும் சிதறுகிறது. மிகப் பழைய வண்டிகளில் உள்ள கண்ணாடி மூடிக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

விளக்கைச் சுற்றியுள்ள பெயின்ட் பகுதியை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே 1000, 2000, 3000 எண்ணுள்ள வாட்டர் பேப்பர்களை அதே வரிசையில் தேய்க்க வேண்டும். முதல் தாளில் தேய்க்கும்போது மஞ்சளான பால் போன்ற நீர் வடியும். அது வெறும் வெண்ணிறமாக மாறும்வரை அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். ஈரம் காய்ந்ததும் மூடி முன்பைவிட மங்கலாகத் தெரிவது கண்டு அஞ்ச வேண்டாம், கடைசியில் பாலிஷ் போடும்போது தெளிவு திரும்பிவிடும். பிறகு புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் ஒன்றைக் கட்டாயம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சில மாதங்களில் பழைய மஞ்சள் திரும்பும். பற்பசை தேய்க்கும் காணொளிகளைப் பார்த்து நானும் ஒருமுறை முயன்றேன். அந்தப் பளபளப்பு அடுத்த மழைவரைகூட நிற்கவில்லை.

மூடிக்குள் எட்டிப் பார்த்து, வெள்ளிப் பூச்சுள்ள பிரதிபலிப்பான் கருகியோ உரிந்தோ இருந்தால் மெருகேற்றிப் பயனில்லை, விளக்குத் தொகுதியையே மாற்ற வேண்டும். அப்படி மாற்றும்போது, நம்மைப் போல இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளுக்கான தொகுதிதானா என்று கேட்டு வாங்குங்கள். டிம் ஒளியின் விளிம்பு நம் வண்டிகளில் இடப்பக்கம் உயர்ந்து சாலையோரத்தைக் காட்டும். அமெரிக்க, ஐரோப்பியச் சாலைகளுக்கான தொகுதியில் அது வலப்பக்கம் உயர்ந்து, எதிரே வருபவரின் கண்ணில் நேராகப் போய் விழும்.

படி 3: பல்புக்கு எத்தனை வோல்ட் வருகிறது என்று அளங்கள்

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். இன்ஜினை ஓடவிட்டு, டிம் விளக்கைப் போட்டுவிட்டு, முதலில் பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே அளங்கள். அடுத்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, அதன் ஹோல்டரின் பின்பக்கமாக மீட்டரின் ஊசிகளை நுழைத்து அளங்கள். ஹோல்டரைக் கழற்றி வைத்து அளந்தால் மின்னோட்டமே இராது, ஆகவே இழப்பும் தெரியாது. தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

என் காரில் பேட்டரியில் 13.9 வோல்ட்டும் பல்பில் 12.1 வோல்ட்டும் காட்டின. ஒன்றே முக்கால் வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலோஜன் பல்பின் ஒளி, வோல்டேஜ் குறையும் அதே விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ வோல்டேஜின் 3.4-ஆவது அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. அதன்படி, வோல்டேஜில் பத்து சதவீதம் போனால் ஒளியில் முப்பது சதவீதம் போய்விடும். என் கணக்கில் வந்த 13 சதவீத இழப்பு, ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக விழுங்கியிருந்தது. டேஷ்போர்டு சுவிட்ச், மெல்லிய ஒயர், துருப்பிடித்த எர்த் இணைப்பு (மின்சாரம் வண்டியின் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் இடம்) ஆகிய எல்லாவற்றையும் கடந்து பல்புக்கு வரும் வழியில் மின்சாரம் வடிந்துவிடுகிறது.

வேறுபாடு அரை வோல்ட்டுக்குள் இருந்தால் ஐந்தாம் படிக்குப் போகலாம். அதற்கு மேல் இருந்தால், முதலில் எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தைக் கழற்றி, உப்புத்தாளால் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கிப் பொருத்திவிட்டு மீண்டும் அளங்கள். எனக்கு அதிலேயே 0.4 வோல்ட் திரும்பக் கிடைத்தது.

படி 4: ரிலே ஒயரிங் போடுங்கள்

பல்புக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் நேராகக் கொண்டுவந்து, பழைய சுவிட்ச் ஒயரை ரிலேயை (உள்ளே இருக்கும் சுருளுக்குச் சிறிது மின்சாரம் கொடுத்தால், பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இயக்க மட்டும் பயன்படுத்துவதே இந்த ஏற்பாடு. இரண்டு டிம் பல்புகளும் சேர்ந்து 110 வாட், அதாவது ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ரிலேயின் சுருளோ ஒரு ஆம்பியரில் சிறு பங்கைத்தான் இழுக்கும். சுவிட்ச் சூடாகி உருகும் சிக்கலும் இதனால் தீர்கிறது.

கடைகளில் இரண்டு ரிலே, ஃபியூஸ், பீங்கான் ஹோல்டர்களுடன் தயாராகவே இந்த ஒயரிங் கிடைக்கிறது. ஒயரின் தடிமன் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். வாங்கும் முன் ஒரு சோதனை உண்டு: இரு பல்புகளின் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, பிளக்கின் மூன்று முனைகளையும் டிம்மிலும் பிரைட்டிலும் தொட்டுப் பாருங்கள். ஒரே முனையில் இரண்டு நிலைகளிலும் 12 வோல்ட் காட்டினால், உங்கள் வண்டியின் சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தைத் துண்டிக்கும் வகை. அதற்குச் சாதாரண ஒயரிங் பொருந்தாது, எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது.

பொருத்தும்போது முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ரிலேயில் 30 என்ற முனைக்குப் பேட்டரி பாசிட்டிவ் ஃபியூஸ் வழியாக வர வேண்டும்; 87 பல்புக்குப் போகும்; 85, 86 இரண்டும் சுருளுக்கானவை. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட ஒயர் பாடியில் உரசினால் தீயைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. பழைய பிளக்குகளில் ஒன்று மட்டும் புதிய ஒயரிங்கோடு சேரும். மற்றொன்றுக்கு வேலை இல்லை, அதை இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

படி 5: இப்போது பல்பு

தரமான புதிய 60/55 வாட் பல்புகளை ஜோடியாக வாங்கி, இரு பக்கமும் ஒரே நாளில் மாற்றுங்கள். கண்ணாடிக் குமிழை விரலால் தொடாதீர்கள்; தோலின் எண்ணெய் பட்ட இடம் அதிகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். 100/90 வாட் பல்பு விதிப்படி அனுமதிக்கப்பட்டதும் அல்ல, உங்கள் பிரதிபலிப்பான் தாங்கக்கூடியதும் அல்ல.

எல்இடி பல்பை ஏன் பரிந்துரைக்கவில்லை என்று கேட்பீர்கள். எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே கிண்ணம் போன்ற சிறு தகடு ஒன்று உண்டு. ஒளி மேல்நோக்கித் தெறிக்காமல், சுவரில் கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பை உருவாக்குவது அந்தத் தகடும், இழை இருக்கும் துல்லியமான இடமும் சேர்ந்துதான். எல்இடி பல்பில் ஒளி பிறக்கும் இடமும் வடிவமும் வேறு. வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளிச்சென்று தெரிவதால் நமக்கு மனநிறைவு உண்டாகிறது; அந்த வெளிச்சத்துக்கே கண் பழகிவிடுவதால், தொலைவில் உள்ள டிராக்டர் முன்பைவிட மங்கலாகவே தெரியும். எதிரே வருபவரின் கண் கூசுவது தனிக்கதை. சட்டமும் இருக்கிறது: அனுமதியின்றி வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடம் தருகிறது.

படி 6: விளக்கின் உயரத்தைச் சரிசெய்யுங்கள்

காசு செலவில்லாத இந்த வேலையைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். சமதளமான தரையும் அதன் முடிவில் ஒரு சுவரும் தேவை. விடுமுறை நாள் மாலையில் கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம் எனக்குக் கிடைத்தது. டயர்களில் சரியான காற்று இருக்க வேண்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும், விளக்கின் உயரத்தை மாற்றும் குமிழ் டேஷ்போர்டில் இருந்தால் அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும்.

முதலில் வண்டியைச் சுவரை ஒட்டி நேராக நிறுத்தி, ஒவ்வொரு விளக்கின் நடுப்புள்ளிக்கும் நேராகச் சுவரில் டேப் ஒட்டிக் குறியிடுங்கள். பிறகு, திருப்பாமல் பின்னோக்கி எடுத்து, விளக்கிலிருந்து சுவருக்குச் சரியாக 10 மீட்டர் இருக்கும்படி நிறுத்துங்கள். ஒரு பக்கப் பிளக்கைக் கழற்றிவிட்டு, மறுபக்கத்தின் டிம் ஒளியை மட்டும் பாருங்கள். அதன் மேல்விளிம்பு குறியிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே கிடைமட்டமாக ஓடி, குறிக்கு நேர்கீழே முழங்கை போல் மடிந்து, இடப்பக்கம் மேலேற வேண்டும். விளக்கின் பின்னாலுள்ள இரண்டு திருகுகளில் ஒன்று மேல்கீழாகவும் மற்றது பக்கவாட்டிலும் நகர்த்தும். கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள்.

ஏன் 10 சென்டிமீட்டர்? பத்து மீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் என்றால் ஒரு சதவீதச் சரிவு. விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், அந்த ஒளியின் விளிம்பு 70 மீட்டர் தூரத்தில் சாலையைத் தொடும். சுவரில் அது 20 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 35 மீட்டரிலேயே வெளிச்சம் முடிந்துவிடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடக்கிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். என் காரின் இடது விளக்கு 23 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. முன்பம்பரைக் கழற்றி மாட்டிய ஏதோ ஒரு பட்டறை வேலையில் அது நகர்ந்திருக்க வேண்டும்.

படி 7: இருட்டில் சோதியுங்கள்

போக்குவரத்து இல்லாத ஊர்ப்புறச் சாலையின் இடது ஓரத்தில் 60 மீட்டர் தூரத்தில் ஒரு கறுப்புப் பையை வைத்துவிட்டு, டிம் விளக்கில் அது தெரிகிறதா என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து பாருங்கள். வெண்ணிறப் பொருளை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். அடுத்து நண்பர் ஒருவரை இருசக்கர வண்டியில் எதிரே வரச் சொல்லி, கண் கூசுகிறதா என்று கேளுங்கள். சாலையில் லாரிக்காரர்கள் உங்களைப் பார்த்து அடிக்கடி பிரைட் அடித்துக் காட்டினால், ஆறாம் படிக்குத் திரும்ப வேண்டும். பின்சீட்டில் மூவரும் டிக்கியில் அரிசி மூட்டையும் ஏறினால் வண்டியின் மூக்கு நிமிர்ந்துவிடும். அன்றைக்கு மட்டும் உயரக் குமிழை 2-க்கோ 3-க்கோ திருப்பிவிட்டு, வீடு திரும்பி மூட்டையை இறக்கியதும் மீண்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். நான் இதை இரண்டு முறை மறந்து, விளக்கு ஏன் மங்கிவிட்டது என்று எலக்ட்ரீஷியனிடமே போய் நின்றிருக்கிறேன்.