போனைக் கொடுப்பது எப்போது, திரும்ப வாங்குவது எப்படி

சோறு தீத்தும்போது போன் காட்டுவதைத்தான் முதலில் நிறுத்தவேண்டும். கண் படத்திலேயே இருக்கும் பிள்ளை வயிறு நிறைந்ததைக் கவனிக்காது. மெல்லாமலே விழுங்கவும் பழகிவிடும். மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றப் போகாதீர்கள். காலைச் சாப்பாட்டில் தொடங்குங்கள். புட்டையும் வாழைப்பழத்தையும் குழைத்து, சின்ன உருண்டைகளாகத் தட்டில் வைத்து, பிள்ளையே எடுத்துச் சாப்பிட விடுங்கள். 20, 25 நிமிடத்தில் தட்டை எடுத்துவிடலாம். முதல் சில நாட்கள் கத்தல் கூடத்தான் செய்யும். அப்போது இரங்கிப் போனைக் கொடுத்தால், இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை படித்துக்கொள்ளும். அம்மம்மா ஒளித்துக் கொடுத்தாலும் இதே கதைதான். அதனால் வீட்டில் எல்லோரும் முதலிலேயே கதைத்து ஒரே முடிவில் நில்லுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன அளவு இது: 2 வயதுக்கு முன் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. கனடாவில் இருக்கும் பெரியம்மாவோடு வீடியோவில் கதைப்பதை நாங்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் பிள்ளையின் முகம் பார்த்து, கேட்டதற்குப் பதில் சொல்கிறார்.

அழுகை அதிகம் வருவது போனைத் திரும்ப வாங்கும்போதுதான். யூடியூப்பில் அடுத்த வீடியோ தானாக ஓடுவதை முதலில் நிறுத்திவையுங்கள். ஓடிக்கொண்டே இருக்கும் படத்துக்கு முடிவே இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு "இன்னும் அஞ்சு நிமிசம்" என்றால் எவ்வளவு என்று விளங்காது. "குஞ்சு, இந்தப் படம் முடிய போனை அம்மாட்டத் தாங்கோ" என்றால் விளங்கும். செடிக்குத் தண்ணீர் விடச் சின்ன வாளி, கோழிக்குப் போடத் தீன் என்று அடுத்த வேலையைத் தயாராக வைத்துக்கொண்டு கேளுங்கள். தந்தவுடன் வெறுமனே "நல்ல பிள்ளை" என்று விடாமல், "படம் முடிய நீங்களே தந்திட்டீங்கள்" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள்.

திரையில் பார்த்தது கைக்கு வந்தால்தான் படிப்பு. 'அ' எழுதும் வீடியோவைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். முடிந்ததும், ஏடு தொடக்கும்போது செய்வது போல, தட்டில் அரிசி பரப்பி விரலால் எழுதவிடுங்கள். தட்டின் அடி மறையும் அளவு அரிசி போதும். தடிப்பாகப் பரப்பினால் கீறிய கோடு உடனே மூடிக்கொள்ளும்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ரியூசன் பாடம் வாட்ஸ்அப்பில் வரும். அதைக் கொப்பியில் எழுதச் சொல்லிவிட்டுப் போனை வாங்கிவிடுங்கள். கையில் இருந்தால் அடுத்தது கேம்தான். படுப்பதற்கு 1 மணித்தியாலம் முன்பே, அப்பாவின் போன் உட்பட எல்லாவற்றையும் ஹோலில் சார்ஜுக்குப் போடுங்கள்.

2 வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துக் கதைக்காத, அல்லது பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை, "போனால்தான் இப்படி" என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கிளினிக்கில் காட்டி, காது கேட்கிறதா என்பதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.