ஸ்பீட்வே லீக் சீசன் ஒன்றைப் பெங்களூரிலிருந்து தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடர்வது எப்படி

பெங்களூர்த் தமிழர்களிடம் ‘ஸ்பீட்வே’ என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. அது தார்ச்சாலைப் பந்தயக் களம். இங்கே நான் எழுதுவது பெயரில் மட்டுமே அதை ஒத்த வேறொரு பந்தயத்தைப் பற்றி. முட்டை வடிவ மண் தடத்தில் நான்கு வீரர்கள் இடப்புறமாகவே திரும்பித் திரும்பி நான்கு சுற்று ஓடுவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி, மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது. அல்சூரில் எங்கள் வீட்டுக்கருகே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, “பிரேக் இல்லாம வளைவுல எப்படித் தம்பி வேகத்தைக் குறைப்பான்?” என்று கேட்டார். பின்சக்கரத்தை வெளிப்பக்கமாகச் சறுக்கவிட்டு, முன்சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு கட்டிய இடது காலைத் தரையில் தேய்த்தபடி வளைவதைக் கைப்பேசியில் காட்டினேன். அதை மூன்று முறை திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

முதலில் ஒரு லீக்கைத் தேர்ந்துகொள்ளுங்கள். பிரிட்டன், சுவீடன் ஆகிய நாடுகளிலும் முதல்நிலை லீக்குகள் உண்டு. ஒரே வீரர் ஒரே வாரத்தில் இரண்டு நாடுகளில் இரண்டு அணிகளுக்கு ஓடுவதும் வழக்கம்தான். ஆயினும் புதிதாகப் பார்ப்பவர் போலந்தின் எக்ஸ்ட்ராலிகாவிலிருந்து தொடங்குவதே நல்லது. உலகின் முன்னணி வீரர்களில் பெரும்பாலோர் அங்கே ஓடுகிறார்கள். எட்டு அணிகள் மட்டுமே என்பதால் பெயர்களும் விரைவில் மனத்தில் பதிந்துவிடும். இரண்டு லீக்குகளை ஒரே ஆண்டில் பிடித்துக்கொள்ள முயன்றால் இரண்டுமே அரைகுறையாக நிற்கும்.

அடுத்ததாக ஒரு கோடு போட்ட நோட்டும் பென்சிலும் வாங்குங்கள். நான் சொல்ல வருவதன் சாரமே இந்த நோட்டில்தான் இருக்கிறது. ஸ்பீட்வே லீக் போட்டியைக் கண்ணால் மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் பார்க்கிறார். கையால் புள்ளி எழுதுபவருக்கே மீதிப் பாதி தெரியவரும். ஒரு போட்டிக்கு 15 ஹீட்டுகள்; மேலே சொன்ன நான்கு சுற்று ஓட்டம் ஒன்றுதான் ஒரு ஹீட். ஒவ்வொரு ஹீட்டிலும் அணிக்கு இருவர். உள்ளூர் அணிக்குச் சிவப்பு, நீல ஹெல்மெட் உறைகள். வெளியூர் அணிக்கு வெள்ளை, மஞ்சள். பக்கத்தில் 15 வரிசைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு நிறங்களுக்கும் கட்டம் அடித்து, வலது ஓரத்தில் ஹீட்டின் புள்ளிக்கும் அதுவரையான மொத்தத்துக்கும் இடம் விடுங்கள். பேனா வேண்டாம், ஹீட் முடிந்த பிறகும் நடுவர் முடிவை மாற்றுவதுண்டு.

முதலாமவருக்கு 3, இரண்டாமவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசியில் வருபவருக்கு 0. கணக்கு இவ்வளவுதான், ஆனால் இது செய்யும் வேலை பெரிது. ஓர் அணி 15 ஹீட்டுகளில் எட்டில் முதலிடம் பிடிக்கிறது, ஆனால் அந்த எட்டிலும் கூட்டாளி கடைசியில் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டும் 3-3 என்று சமமாகிவிடும். மீதி ஏழில் எதிரணி முதலிடமும் மூன்றாமிடமும் பிடித்தால் ஒவ்வொன்றும் 4-2. கூட்டிப் பார்த்தால் அதிக ஹீட்டுகளை வென்ற அணி 38-52 என்று தோற்றிருக்கும். நான் பார்த்த முதல் சீசனில் முதலாவதாக வருபவரை மட்டுமே கவனித்துவந்தேன். ஸ்கோர் ஏன் நான் நினைப்பதற்கு எதிராகவே போகிறது என்பது பல வாரங்கள் விளங்கவில்லை. மூன்றாம் இடத்துக்கு நடக்கும் சண்டையில்தான் போட்டிகள் முடிவாகின்றன. கடைசிச் சுற்றில் முன்னால் போகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் உள்ள இருவர் மேல் கண் வைக்கப் பழகுங்கள்.

இதற்கு 2025 நல்ல எடுத்துக்காட்டு. பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் ஆறு முறை உலகப் பட்டம் வென்றவர்; 2023 முதல் லூப்ளின் அணிக்கு ஓடுகிறார். அந்த அணி 2022, 2023, 2024 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வைத்திருந்தது. ஆயினும் 2025 இறுதிப் போட்டியில் தோருன் அணியிடம் தோற்றது. உலகிலேயே சிறந்த வீரராக இருந்தாலும் ஒரு போட்டியில் ஐந்தாறு ஹீட்டுகள்தான் ஓட முடியும். வெல்வதற்கு வேண்டிய 46 புள்ளிகளில் பெரும்பகுதியை மற்றவர்கள்தான் கொண்டுவர வேண்டும்.

புள்ளி எழுதுவது கைக்குப் பழகியதும், தொடக்கக் கோட்டைக் கவனியுங்கள். நான்கு வீரர்களின் முன்னே நாடா கட்டியிருக்கும். அது மேலெழும் கணத்தில் கிளட்சை விடுபவருக்கே முதல் வளைவு கிடைக்கும், முதல் வளைவு கிடைத்தவருக்குப் பாதி ஹீட் கிடைத்துவிட்டது எனலாம். உள்ளோரத்திலிருந்து வெளியோரம் வரை நான்கு நிற்குமிடங்கள் உண்டு. ஓர் அணிக்கு முதலாவதும் மூன்றாவதும் என்றால், எதிரணிக்கு இரண்டாவதும் நான்காவதும் கிடைக்கும், ஹீட்டுக்கு ஹீட் இது மாறிவரும். ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் அந்த இட எண்ணைச் சிறிதாகக் குறித்துவையுங்கள். ஐந்தாறு ஹீட்டுகளுக்குள் எந்த இடம் ‘ஓடுகிறது’ என்று உங்கள் நோட்டே சொல்லிவிடும். சில ஹீட்டுகளுக்கு ஒருமுறை டிராக்டர் வந்து மண்ணைச் சீர்செய்து தண்ணீர் தெளித்துப் போகும். அதன் பிறகு அந்தக் கணக்கு தலைகீழாவதும் உண்டு. அதற்குள் வண்டிகளைச் சரிபார்க்கும் ‘பிட்’ பகுதியில் மெக்கானிக்குகள் பின்சக்கர ஸ்ப்ராக்கெட்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பல் எண்ணிக்கையில் ஒன்று கூடினால் புறப்பாட்டு இழுவை கூடும், நேர்ப்பாதை வேகம் குறையும். நம் ஜே.சி. ரோடு கடைகளில் செயின் செட் வாங்கிப் பொருத்தியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

நடுவர் ஒருவர்தான். விழுந்த வீரர் தடத்தில் கிடந்தால் ஹீட்டை நிறுத்துவார்; தவறு யாருடையது என்று தீர்மானித்து அவர் ஹெல்மெட்டின் நிறத்தில் விளக்கை எரியவிடுவார். அந்த நிறத்தவர் நீக்கப்பட்டு, மற்றவர்கள் மீண்டும் ஓடுவார்கள். முதல் வளைவு நெரிசலில் விழுந்தால் நால்வரையுமே திரும்ப அழைப்பது வழக்கம். நாடாவைத் தொட்டவரும் வெளியே போவார், அவருக்குப் பதிலாக மாற்று வீரர் ஓடலாம். வர்ணனை போலிஷ் மொழியில்தான் இருக்கும் என்றாலும் நான்கைந்து சொற்கள் போதும்: ‘பியெக்’ என்றால் ஹீட், ‘தாஷ்மா’ நாடா, ‘ரெமிஸ்’ சமநிலை, ‘விக்லுசேனியே’ நீக்கம்.

இரண்டாவது ஹீட் இளையோருக்கு உரியது. அதைத் தேநீர் போடும் நேரமாக எண்ணிவிடாதீர்கள். நல்ல இளைஞர் இருவர் உள்ள அணி அங்கேயே 5-1 என்று முன்னே போய்விடும். ஆறு புள்ளி அல்லது அதற்கு மேல் பின்தங்கிய அணி, தடுமாறும் வீரருக்குப் பதிலாக நன்றாக ஓடுபவரைக் கூடுதல் ஹீட்டில் இறக்கலாம். 14, 15ஆம் ஹீட்டுகளுக்கு வீரர்களைப் பயிற்சியாளரே அன்றைய நிலைக்கேற்பத் தேர்ந்தெடுப்பார். 13ஆம் ஹீட் முடிந்ததும் நீங்களும் யாரை அனுப்புவீர்கள் என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள்.

வீரரின் மொத்தத்தை 9+2 என்று கண்டால் குழம்ப வேண்டாம். சொந்தக் கூட்டாளிக்கு அடுத்தபடியாக, எதிராளி ஒருவரையாவது முந்தி முடித்தவருக்கு ஒரு போனஸ் உண்டு. அது அணியின் ஸ்கோரில் சேராது. அவருடைய சராசரியில் சேரும். ஐந்து ஹீட்டுகளில் 9+2 என்றால் சராசரி 2.20. பிரிட்டனில் இதையே நான்கால் பெருக்கி 8.80 என்பார்கள்.

இனி சீசனின் கணக்கு. எட்டு அணிகளும் ஒன்றோடொன்று சொந்தத் தடத்தில் ஒருமுறை, வெளியூரில் ஒருமுறை என 14 சுற்றுகள் மோதும். வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. இதற்கு மேல், இரு போட்டிகளின் கூட்டுத்தொகையில் முந்தியவருக்கு ஒரு போனஸ் புள்ளி. சொந்தத் தடத்தில் 52-38 என்று வென்ற அணி, திரும்ப மோதும்போது 41-49 என்று தோற்றாலும் 93-87 என்று கூட்டுத்தொகையில் முந்திவிடும். ஆகவே தோல்வி உறுதியான போட்டியிலும் கடைசி ஹீட்டை எழுதாமல் எழுந்துவிடாதீர்கள். நோட்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஜோடிக்கும் முதல் போட்டியின் ஸ்கோரை எழுதிவைத்தால், திரும்ப மோதும் ஒவ்வொரு போட்டியிலும் எத்தனை புள்ளி தாங்க வேண்டும் என்பது முன்கூட்டியே தெரியும்.

நேரம் நமக்கு வசதியானதே. கோடையில் போலந்து நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே மாலை ஆறு என்றால் இங்கே இரவு ஒன்பதரை. போட்டிகள் பெரும்பாலும் வெள்ளியும் ஞாயிறும் நடக்கும். வெள்ளி இரவு வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு மாடியறையில் நானும் அத்தை மகனும் அமர்வோம். அவன் ஸ்கோர் சொல்ல, நான் எழுதுவேன். மழை வந்து போட்டி தள்ளிப்போனால் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் புதிய தேதியை மேலே எழுதி விட்டுவிடுங்கள்.

ஏப்ரலில் தொடங்கும் சீசன் ஆகஸ்ட் வாக்கில் பிளே-ஆஃபுக்கு வந்து, செப்டம்பர் இறுதி வாக்கில் முடியும். பிளே-ஆஃபின் விதிகள் அவ்வப்போது மாறுவதால் அந்த ஆண்டின் விதியை முதலில் படித்துக்கொள்ளுங்கள். இறுதிப் போட்டி இரு தடங்களிலும் நடக்கும், இரண்டின் கூட்டுத்தொகையே கோப்பையைத் தீர்மானிக்கும். நவம்பரில் வீரர்கள் அணி மாறுவார்கள். அப்போது புது நோட்டின் முதல் பக்கத்தில் எட்டு அணிகளின் பெயரையும் எழுதி, ஒவ்வொரு வீரருக்கும் எதிரே நீங்களே கணக்கிட்ட பழைய சராசரியைப் பென்சிலால் குறித்துவையுங்கள்.