மொச்சை, கடலை, புளியங்கொட்டை: ஆன்டிபயாடிக் பாடத்தை விளையாட்டாக நடத்துவது எப்படி?

என்னிடம் டியூஷன் வரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம், சளி பிடித்தால் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஒருநாள் கேட்டேன். "எங்கப்பா மெடிக்கல்ல சொல்லி மூணு வேளைக்கு மாத்திரை வாங்கிட்டு வருவாரு மிஸ், அதுல ஒண்ணு பெருசா இருக்கும்" என்றான் ஒருவன். அந்தப் பெருசு அனேகமாக ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவை அழிக்கும் மருந்தாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருந்தவள், "அடிக்கடி சாப்பிட்டா உடம்புக்குப் பழகிடும்" என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே சொன்னாள். மருந்துக்குப் பழகிப்போவது உடம்பு இல்லை, கிருமி. இதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் மண்டையில் ஏறாது. அதனால்தான் சமையலறைப் பருப்பு டப்பாக்களைத் திறந்தேன்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது சரியாக வரும். அதற்குக் கீழே என்றால் வாயில், மூக்கில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு, வேண்டாம். அழகாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுத்துவிடாதீர்கள், அது கடும் விஷம்.

என்னென்ன வேண்டும்?

ஒரு குழுவுக்கு வெள்ளை மொச்சை 35, கருப்புக் கொண்டைக்கடலை 25, புளியங்கொட்டை 20, சட்டைப் பொத்தான் 10, ஒரு லூடோ பகடை. பிறகு இரண்டு சார்ட் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் 20 கட்டங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கட்டத்தில் ஒரு விதைதான் இருக்கலாம்.

மொச்சை என்பது மருந்து பட்டதும் சாகும் பாக்டீரியா. கடலை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். புளியங்கொட்டை முரட்டுக் கிருமி, கடைசியில்தான் விழும். பொத்தான் வைரஸ், அதை அப்புறம் பார்ப்போம்.

முதல் ஆட்டம்: பாக்டீரியா காய்ச்சல்

ஒரு அட்டையில் 14 மொச்சை, 5 கடலை, 1 புளியங்கொட்டை வையுங்கள். கட்டம் நிரம்பிவிடும். ஒரு சுற்றில் இரண்டு வேலைதான். முதலில் மருந்து: ஐந்து விதைகளை எடுக்க வேண்டும், மொச்சை தீர்ந்தால் கடலை, அதுவும் தீர்ந்தால் புளியங்கொட்டை. அடுத்து பெருக்கம்: அட்டையில் எந்தெந்த வகை மிச்சம் இருக்கிறதோ அதில் ஒவ்வொன்று கூடச் சேர்க்க வேண்டும், காலிக் கட்டம் இருந்தால் மட்டும். இடத்துக்குச் சண்டை வந்தால் மொச்சைக்கு முதல் உரிமை.

முதல் தடவை பகடை இல்லாமல் ஆடுங்கள். மூன்றாவது சுற்று முடிவில் 2 மொச்சை, 8 கடலை, 4 புளியங்கொட்டை நிற்கும். ஐந்தாவது முடிவில் மொச்சையே இருக்காது. 2 கடலை, 6 புளியங்கொட்டை. இங்கே நிறுத்திவிட்டு ஒரு விதி சொல்லுங்கள்: அட்டையில் பத்துக்குக் கீழே போனால் காய்ச்சல் விட்டுவிட்டது, பையன் கிரிக்கெட் விளையாடக் கிளம்பிவிட்டான். மருந்து தொடரணுமா? எங்கள் வீட்டு மொட்டைமாடியில் எல்லாரும் ஒரே குரலில் "வேணாம்" என்றார்கள். சரி என்று மருந்தை நிறுத்தி, பெருக்கத்தை மட்டும் ஆடவிட்டேன். அடுத்த சுற்றிலேயே பத்து ஆகி காய்ச்சல் திரும்பியது, ஆறாவது சுற்றில் அட்டை முழுக்க நிரம்பியது. 8 கடலை, 12 புளியங்கொட்டை. ஒரே ஒரு புளியங்கொட்டையில் ஆரம்பித்தது என்பதை அவர்களே எண்ணிப் பார்த்தபோது வந்த அமைதி இருக்கிறதே, நான் மணிக்கணக்கில் பேசியிருந்தாலும் வந்திருக்காது. மருந்தைத் தொடர்ந்திருந்தால் ஏழாவது சுற்றில் அட்டை காலியாகியிருக்கும், அதையும் ஆடிக் காட்டுங்கள்.

இப்போது பகடை. 1 அல்லது 2 விழுந்தால் அந்த வேளை மருந்து மறந்துபோச்சு, பெருக்கம் மட்டும். மற்ற எண்களுக்கு மருந்து உண்டு. எந்தக் குழு முதலில் அட்டையைக் காலி செய்கிறது என்று போட்டி வையுங்கள்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, உங்களுக்குத்தான். "ஏழு நாள் சாப்பிடணும்" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடக் கூடாது. பல நோய்களுக்கு முன்பு கொடுத்ததைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று இப்போது மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். காசநோய்க்கோ சாதாரணமாக ஆறு மாதம். எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும், நாமாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அந்த அளவுக்குப் புரிந்தால் போதும். நிஜமான முரட்டுக் கிருமி நம் புளியங்கொட்டை மாதிரி ஏழாவது சுற்றில் மரியாதையாக வெளியே போகாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது ஆட்டம்: வெறும் சளி

நேரம் இல்லையென்றால் முதல் ஆட்டத்தை விட்டுவிடுங்கள், இதை விடாதீர்கள். பாதியில் மருந்தை நிறுத்துவதைவிட, தேவையே இல்லாமல் அதைச் சாப்பிடுவதுதான் நம் ஊரில் பெரிய தொல்லை என்பது என் எண்ணம்.

இரண்டு அட்டைகளிலும் அதே 14, 5, 1. இந்தத் தடவை அவை நோய்க்கிருமிகள் இல்லை, குடலில் சும்மா குடியிருக்கும் பாக்டீரியாக்கள். அட்டைக்கு வெளியே, பக்கத்துக்கு ஐந்து பொத்தான்கள். அதுதான் சளி வைரஸ். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது, உடம்பே அதை விரட்டும். அதனால் இரண்டு பக்கமும் சுற்றுக்கு ஒரு பொத்தானை எடுத்துவிடுங்கள். இடது அட்டைக்கு மட்டும் சுற்றுக்குச் சுற்று மருந்து கொடுங்கள். வலது அட்டைக்குக் கஞ்சியும் ஓய்வும்.

ஐந்து சுற்றில் இரண்டு பக்கமும் பொத்தான் தீர்ந்துவிடும். மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சளி ஒரே சமயத்தில்தான் போனது! இப்போது அட்டைகளைப் பாருங்கள். வலது பக்கம் எல்லாம் போட்டது போட்டபடி, கட்டம் நிரம்பியிருந்ததால் புதிதாக எதற்கும் இடமில்லை. இடது பக்கம் 2 கடலையும் 6 புளியங்கொட்டையும். மருந்தை நிறுத்தி இன்னும் ஆறு சுற்று பெருக்கவிட்டால் 12 புளியங்கொட்டை. "மிஸ், சளிக்குத்தானே மாத்திரை சாப்பிட்டான், இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?" என்று அந்தப் 'பெருசா இருக்கும்' பையனே கேட்டான். அதற்குள் எதிரில் இருந்த குட்டி ஒருத்தி இடது அட்டையிலிருந்து மூன்று புளியங்கொட்டையை எடுத்து அடுத்த குழுவின் அட்டையில் வைத்துவிட்டு, "கை கழுவாம வந்துட்டான்" என்றாள். இந்த விதி என் யோசனையில் இல்லவே இல்லை. நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: சிவப்புக் கோடு வேட்டை

இது வீட்டுப்பாடம். பெரியவர்களிடம் கேட்டு காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள், காலி அட்டை மட்டும். முதுகில் நெடுக்காகச் சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. 2016இல் மத்திய அரசு இந்தக் கோட்டை வைத்தே ஆன்டிபயாடிக் விழிப்புணர்வைத் தொடங்கியது. ஆனால் கோடு போட்டதெல்லாம் ஆன்டிபயாடிக் இல்லை, பிரஷர் மாத்திரையிலும் இருக்கும். பெயரைப் படித்துப் பிரிப்பதில் நீங்கள் உதவ வேண்டும்.

பள்ளியில் நடத்துகிறவர்களுக்கு நவம்பர் 18 முதல் 24 வரை வசதியான நாட்கள், கிருமிகள் மருந்துக்கு அடங்காமல் போவது பற்றிய விழிப்புணர்வுக்கென்றே உலகம் முழுக்க ஒதுக்கிய வாரம். கணினி இருந்தால் பிரிட்டன் அரசின் பொதுச் சுகாதார அமைப்பு நடத்தும் 'ஈ-பக்' இணையதளத்தில் கிருமி விளையாட்டுகள் இலவசமாக உண்டு. ஆங்கிலத்தில் இருப்பதால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் விதைகளை எண்ணி வாங்குங்கள், எப்படியும் நாலைந்து குறையும். மொச்சையை ஒருநாள் வெயிலில் காயவைத்து டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் திறக்கும்போது வண்டுதான் இருக்கும்.