வண்ணக் குழாயின் பின்புறம்: நிறமி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிறமிகளை வாங்கவும் அரைக்கவும் கற்றுக்கொள்ள வருகிறவர்கள், இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகளை என் கண்முன்னே செய்வதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. தூரிகையைக் கழுவாமல் விடுவது, குழாயின் மூடியைத் திறந்து போடுவது போன்றவற்றை ஒருமுறை பட்டாலே எவரும் திருத்திக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரை நம்பி வாங்குவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். 'ரோஸ் மேடர்' என்று அழகிய எழுத்தில் அச்சிட்ட ஒரு குழாயை வாங்கி, வெள்ளையோடு கலந்து மெல்லிய பூச்சாக ஒரு ரோஜாக் கொத்தை வரைந்து விற்றேன். மூன்றாம் ஆண்டில் வாங்கியவர் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். சட்டத்தின் விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த விரற்கடைப் பட்டையில் மட்டும் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. ஒளி பட்ட இதழ்களெல்லாம் வெளிறிக் கிடந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் குழாயின் பின்புறத்தைப் படித்தேன். பொடியெழுத்தில் 'பிஆர் 83' என்ற நிறமிக் குறியீடு இருந்தது. உள்ளே உண்மையில் இருக்கும் நிறமி எது என்று அதுதான் சொல்லும்; இது அலிசரின் கிரிம்சன். 'மேடர்' என்னும் மஞ்சிட்டி இனத்து வேரின் சாயத்தை 1868இல் செயற்கையாக உருவாக்கிய வழியில் வந்த நிறமி அது. மெல்லிய பூச்சில் ஒளிக்கு அது தாக்குப் பிடிப்பதில்லை.

வண்ணக் கடைகளின் வரலாற்றைப் பார்த்தால் இந்தக் குழப்பத்தின் வேர் புரியும். ஃபிளாரன்ஸ் ஓவியர்கள் மருந்துச் சரக்குக் கடைகளில்தான் நிறமி வாங்கினார்கள். மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் இருந்த தொழிற்சங்கத்திலேயே அவர்களும் இருந்தார்கள். வெனிஸில் வண்ணம் மட்டுமே விற்கும் வணிகர்கள் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதிக்குள் தோன்றிவிட்டனர். அங்கெல்லாம் கட்டியையும் பொடியையும் விரலில் தேய்த்துப் பார்த்து வாங்க முடிந்தது. 1841இல் ஜான் கோஃப் ராண்ட் என்ற ஓவியர் பிதுக்கும் உலோகக் குழாய்க்குக் காப்புரிமை பெற்ற பின், பொடி கண்ணிலிருந்து மறைந்து, ஒட்டிய சீட்டின் பெயரே சரக்காகிவிட்டது. வான்கோ 1890இல் இளஞ்சிவப்பாகத் தீட்டிய ரோஜாக்கள் இன்று வெள்ளையாகத் தெரிவது, அவர் பயன்படுத்திய ஈயோசின் சாயச் சிவப்பு ஒளியில் அழிந்ததால்தான்.

இன்று 'இந்தியன் யெல்லோ', 'சாப் கிரீன்' என்று விற்பவற்றில் பெரும்பாலும் பழைய பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. பெயரின் கடைசியில் 'ஹியூ' என்றிருந்தால் உள்ளே வேறு நிறமி இருக்கிறது என்று பொருள். எனவே குறியீட்டைப் படியுங்கள். ரோஜாச் சிவப்பு வேண்டுமென்றால் 'பிவி 19' என்ற குறியீடுள்ள குவினாக்ரிடோன் நிறமியைக் கேளுங்கள். புதிய குழாய் எதுவானாலும், தாளில் ஒரு பட்டை தீட்டிப் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் மூன்று மாதம் ஒட்டிவையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவே கோடு தெரிந்தால் அதை விற்பனைக்கு வரையும் படத்தில் தொடாதீர்கள்.

அல்ட்ராமரீனுக்கு அவசரப்பட்டு எண்ணெய் ஊற்றுவது

அல்ட்ராமரீன் என்னும் நீல நிறமிப் பொடியில் ஆளிவிதை எண்ணெயை விட்டுக் கண்ணாடிக் குழவியால் அரைக்கத் தொடங்கும்போது அது கெட்டியாக முரண்டு பிடிக்கும். புதியவர்கள் உடனே இன்னும் எண்ணெய் ஊற்றுகிறார்கள். பொறுமையாக அரைத்தால் அதே எண்ணெயிலேயே இளகி, குழவியைத் தூக்கும்போது நூல்போல இழுபடும். அதிக எண்ணெய் ஊற்றியவருக்கு மிஞ்சுவது பலகையில் ஓடும் நீலக் குழம்பு.

பிரஷ்யன் நீலத்தை ஈரச் சுண்ணச் சுவரில் பூசுவது

சுண்ணாம்பின் காரத்தில் அது சிதைந்து பழுப்பாகிவிடும்.

சிந்திய பொடியைத் துடைப்பத்தால் கூட்டுவது

மஞ்சள் தாளகத்தில் ஆர்சனிக், சிவப்புச் சாதிலிங்கத்தில் பாதரசம், ஈய வெள்ளையில் ஈயம். கூட்டினால் இந்த நஞ்சு தூசியாகப் பறந்து மூச்சில் போகும். ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.