ரஃப் கட்டைப் போட்டுவிட்டு "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள்

குறும்படத்தின் ரஃப் கட், அதாவது காட்சிகளை முதல்முறையாகக் கோத்துப் பார்க்கும் கரடுமுரடான வடிவம், தயாரானதும் கை பரபரக்கும். உடனே வாட்ஸ்அப்பில் நண்பர்களுக்கு லிங்க்கைத் தட்டிவிடுவோம். பாதிப் பேர் பஸ்ஸில் நின்றபடி போனில் பார்ப்பார்கள். அரை மணி நேரத்தில் "சூப்பர் மச்சி" வந்து சேரும். இதற்குப் பெயர் கருத்துக் கேட்பு இல்லை, மொய். அவர்கள் படத்துக்கு நீங்கள் எழுதியது திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

படத்தில் வேலை செய்தவர்களைக் கூட்டி உட்கார வைப்பதும் வீண். கதை தெரிந்தவருக்குக் குழப்பமே வராது. கதை தெரியாத ஆறேழு பேர், ஒரு அறை, ஒரு டிவி போதும். "மியூசிக் இன்னும் போடலை" என்று சொல்லிவிடலாம். "அந்த அம்மா ஏன் அப்படி நடந்துக்கிறாங்கன்னா..." என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

பெரிய தவறு, நாமும் திரையையே பார்த்துக்கொண்டிருப்பது. ஓரமாக உட்கார்ந்து முகங்களைப் பாருங்கள். என் 14 நிமிடப் படம் முடிந்ததும் எல்லோரும் கிளைமாக்ஸ் சவசவ என்றார்கள். ஆனால் மூன்று பேர் போனை எடுத்தது அதற்கு வெகு முன்னால், 9ஆவது நிமிடத்தில், பேருந்து நிலையக் காட்சியில். அதில் 40 விநாடியை வெட்டினேன். கிளைமாக்ஸில் கை வைக்கவில்லை. அடுத்த முறை பார்த்தவர்கள் யாரும் கிளைமாக்ஸைப் பற்றி வாயே திறக்கவில்லை.

1975இல் 'ஜாஸ்' என்ற சுறா படத்தை வெளியீட்டுக்கு முன் திரையிட்டுப் பார்த்த இயக்குநர் ஸ்பீல்பெர்க் காது கொடுத்ததும் அரங்கின் அலறலுக்குத்தான். இன்னும் ஒரு அலறல் வேண்டும் என்று, படகின் ஓட்டையில் பிணத்தின் தலை தெரியும் காட்சியை எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸ் வீட்டு நீச்சல் குளத்தில், தண்ணீரில் பால் பவுடர் கலக்கி, எடுத்துச் சேர்த்தார்.

அப்புறம் கேள்வி. "பிடிச்சுதா?" என்றால் தலையாட்டல்தான் கிடைக்கும். "கதையை எனக்கே திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் தாண்டிப்போகும் இடம்தான் புரியாத இடம். பேசுவதற்கு முன் ஆளுக்கொரு தாளில் எழுதி வாங்குவது முக்கியம். அறையில் வயதில் மூத்தவர் ஒருவர் வாய் திறந்துவிட்டால், மற்றவர்கள் "ஆமா, எனக்கும் அதான்" என்பார்கள். யார் என்ன சொன்னாலும் விளக்கம் கொடுக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். இது கொஞ்சம் கஷ்டம்தான்.

கூப்பிட நினைத்த எல்லோரையும் ஒரே நாளில் கூப்பிட்டுத் தீர்த்துவிடாதீர்கள். திருத்திய இரண்டாவது கட்டுக்கும் படம் பார்க்காத நாலு பேர் வேண்டும்.